சுணைக்குப் போட்ட புள்ளி

ராக்காயியை வேலையிலிருந்து நிறுத்தியது ஒரு செவ்வாய்க்கிழமை. காலைத் தேநீர் முடிந்து எல்லோரும் கூடாரத்துக்குள் நுழையும்போது, நிர்வாக அலுவலர் தயானி அவளை மட்டும் வாசலில் நிறுத்திக் கைகளை நீட்டச் சொன்னாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சிவந்து தடித்திருந்தது. சொறிந்த இடங்களில் பொருக்கு.

"டொக்டர் சொல்லிட்டாரு அக்கா. ஒவ்வாம உள்ளவங்கள உள்ள விட ஏலாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்" என்றாள் தயானி. கினிகத்தேனைக்காரி. குரலில் கடுமை இல்லை.

"இருவது வருசம் கொழுந்து எடுத்தேன். தேயில கீறாத கீறலாம்மா?" என்றாள் ராக்காயி.

ராக்காயி தன் தொப்பியையும் மேலங்கியையும் கழற்றி மடித்து மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். ஒரு மாதத்தில் இப்படிப் போன மூன்றாவது ஆள் அவள். வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற ஜீவராணி, தன் மேலங்கியின் கையை விரல்கள் வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைக்கு மேலே, தேயிலை கைவிடப்பட்டு மானாப்புல் ஏறிக்கிடந்த ஒரு மலையில்தான் அந்தக் கம்பெனி பொலித்தீன் கூடாரம் போட்டிருந்தது. வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்கு ஏற்றுமதி செய்வதற்காகக் கஞ்சா வளர்க்க அனுமதி பெற்றவர்கள். சுற்றி இரண்டு அடுக்கு வேலி, மூலைக்கு மூலை கமரா, ஒவ்வொரு செடிக்கும் இலக்கம் போட்ட அட்டை. ஒரு செடியைப் பிடுங்குவதென்றாலும் அதிகாரிகள் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அதைக் கஞ்சாக் கூடாரம் என்று சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் ஆள் எடுக்கிறார்கள் என்றதும் நூறு பேர் வந்து நின்றார்கள். இருபத்தாறு பேரை எடுத்தார்கள். பெரும்பாலும் பெண்கள், கொழுந்து எடுத்தவர்கள்.

ஜீவராணிக்கு முப்பத்துநான்கு வயது. உயர்தரம் வரை படித்தவள், கையெழுத்து அச்சுப்போல இருக்கும். அதனால் அவளுக்குப் புள்ளி போடும் வேலை கிடைத்தது. ஒவ்வொரு செடியிலும் நுனியிலிருந்து மூன்றாவது இலையைப் பிடித்து, பூதக்கண்ணாடியால் பார்த்து, தாளில் ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி போட வேண்டும். இலையின் மினுக்கத்துக்கு ஒரு புள்ளி. மெழுகுப் பூச்சுக்கு ஒன்று. பனித்துளிபோலப் பிசின் தாங்கி நிற்கும் சுரப்பிகளுக்கு ஒன்று. கடைசியாக, தோலில் பட்டால் அரிக்கும் நுண்மயிரான சுணைக்கு ஒன்று.

இந்த வேலையை அவளுக்குக் கொடுத்தவர் யோகேஸ்வரன். சாவகச்சேரிக்காரர், பயிர்களைக் கலந்து புது வகை உண்டாக்குவதில் பட்டம் பெற்றவர். பதினான்கு வகைச் செடிகளை வைத்துக்கொண்டு, இந்த மலைக் குளிருக்கும் ஈரத்துக்கும் ஏற்ற ஒரு வகையை உண்டாக்குவது அவருடைய பொறுப்பு. முதல் நாளே அவளுக்கு விளக்கிச் சொன்னார்.

"மருந்து பூவிலதான் இருக்குது. ஆனா பூக்கும் வரைக்கும் எல்லாச் செடியையும் வைச்சிருக்க இடமில்லை. இலையைப் பார்த்துத்தான் முதலே கழிக்க வேணும். சுரப்பி கூடின இலை எண்டால் பிசின் கூட வரும். சுணை கூடின இலை எண்டால் பூச்சி ஏறாது எண்டு நான் நினைக்கிறன். மருந்துச் செடிக்குப் பூச்சிகொல்லி அடிக்கேலாது, விளங்குதோ? அதால உங்கட கண்ணை நம்பித்தான் இந்த வேலை."

அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வெறும் கண்ணுக்கு ஒரே பச்சையாகத் தெரியும் இலை, கண்ணாடியின் கீழே ஒரு காடாக மாறும். சுரப்பிகள் காளான்போலத் தலை தூக்கி நிற்கும். சுணைகள் கொக்கிபோல நுனியை நோக்கி வளைந்திருக்கும். ஒரு வகையில் அவை மலையில் தேயிலைச் செடி மாதிரி நெருங்கி இருக்கும், இன்னொன்றில் எண்ணிவிடலாம்.

நவம்பரில் அவளுக்கும் அரிப்புத் தொடங்கியது. முதலில் இடது கையில் ஒரு கோடு மாதிரி. பிறகு இரண்டு கையிலும். வீட்டுக்குப் போய்த் தேங்காயெண்ணெய் தடவினாள், வேப்பிலை அரைத்துப் போட்டாள். காலையில் நீளக்கைச் சட்டையைப் போட்டு, அதன்மேல் மேலங்கியைப் போட்டுக்கொண்டு போனாள். எல்லாச் செடியும் அரிக்கிறதா, ஒன்றிரண்டு மட்டுமா என்று அறிய அவளே ஒரு வழி செய்தாள். ஒரு நாளைக்கு ஒரு வகை. கையுறைக்கு மேலே கொஞ்சம் தோலைத் திறந்து, அந்த வகையின் இலையை மட்டும் உரசிவிட்டு, மாலை வரை பார்த்தாள். பதினான்கு நாளில் தெரிந்துவிட்டது. ஏழாம் வகை. மற்றவை அரித்தாலும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஏழாம் வகை பட்ட இடம் மறுநாளும் எரிந்தது.

ராக்காயிக்குக் கொடுத்திருந்ததும் ஏழாம் வகை வரிசைதான். அவளுக்கு முன் போன இரண்டு பேருக்கும் அதேதான்.

டிசம்பரில் கழிக்க வேண்டிய வகைகளுக்கான புள்ளி எடுத்தார்கள். ஏழாம் வகைக்குப் பிசின் குறைவு. சுணைப் புள்ளி ஒன்றுதான் அதைத் தாங்கி நின்றது. ஜீவராணி ஏழாம் வகையின் முப்பது செடிகளையும் வரிசையாகப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து போட வேண்டும். முதல் செடிக்கு இரண்டு போட்டாள். அடுத்ததற்கும் இரண்டு. எல்லாவற்றுக்கும் இரண்டு போட்டால் சந்தேகம் வரும் என்று நடுவில் சிலவற்றுக்கு மூன்று.

இந்தச் செடி இங்கிருந்து போனால் இன்னொருத்தியின் கையைத் தயானி நீட்டிப் பார்க்க வேண்டியிருக்காது என்று நினைத்தாள். தன் கையையும் பார்க்க வேண்டியிருக்காது என்பதையும் நினைக்காமலில்லை.

ஏழாம் வகை கழிவுப் பட்டியலில் சேர்ந்தது. அழிப்பதற்கு அதிகாரிகள் வர வேண்டும். தை பிறந்த பிறகுதான் வருவார்கள் என்றார்கள், அதுவும் தள்ளிப்போனது. முப்பது செடிகளையும் தொட்டியோடு தூக்கி, கூடாரத்தின் கதவுப் பக்கத்து மூலையில் வைத்தார்கள்.

பெப்ரவரியில் மழை நின்று வெயில் ஏறியது. இரவில் பனி, பகலில் கூடாரத்துக்குள் புழுக்கம். முதலில் மூன்றாம் வகையின் இலைகளில் ஊசியால் குத்தியது மாதிரி வெள்ளைப் புள்ளிகள் வந்தன. ஜீவராணி இலையைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் மண் துகள்போலச் சிவப்பாக ஊர்ந்தன. தேயிலையில் அவள் பார்த்த பூச்சியின் இனந்தான், சிலந்திப்பேன். இலையின் அடியில் குடியிருந்து சாற்றை உறிஞ்சும், நூல் கட்டும். பத்து நாளில் மூன்றாம் வகை முழுவதும் பழுப்பானது. அங்கிருந்து ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் போனது. பிசின் அதிகம் என்று யோகேஸ்வரன் பொத்திப்பொத்தி வளர்த்த வகைகள் அவை. பெண்கள் ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்தார்கள். துடைத்த மறுநாள் திரும்பவும் இருந்தது. மாதக் கடைசிக்குள் மூன்றில் ஒரு பங்கு செடி போய்விட்டது. கம்பெனிக்காரர்கள் கொழும்பிலிருந்து வந்து பார்த்துவிட்டு, இப்படியே போனால் இந்த இடத்தை மூட வேண்டிவரும் என்று யோகேஸ்வரனிடம் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்கள்.

கதவுப் பக்கத்து மூலையில் ஏழாம் வகை மட்டும் பச்சையாக நின்றது.

யோகேஸ்வரனும் அதைப் பார்க்காமலில்லை. அதன் முன்னால் நின்று, ஜீவராணி எழுதிய தாளைப் புரட்டினார்.

"இதுக்குச் சுணை ரெண்டுதானே. நான் நினைச்சது பிழை போல. சுணைக்கும் பூச்சிக்கும் ஒரு தொடர்பும் இல்லை" என்றார். "கதவுப் பக்கம் குளிர் காத்து வாறதாலதான் இது தப்பி நிக்குது. வெள்ளிக்கிழமை அதிகாரிமார் வருகினம். இதையும் சேர்த்து எரிச்சுப்போட்டு இடத்தைக் கழுவ வேணும்."

"சரிங்க சேர்" என்று மட்டும் சொன்னாள் ஜீவராணி.

அன்று சாயங்காலம் கணவன் பிரதாப்பிடம் சொன்னாள். அவன் அக்கரப்பத்தனை டவுனில் ஆட்டோ ஓட்டுகிறவன். ஆட்டோவைக் கழுவிக்கொண்டே கேட்டான்.

"யாருக்காச்சும் தெரியுமா?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப பேசாம இரு. வெள்ளிக்கிழம எரிச்சிட்டா முடிஞ்சிச்சு."

"அத எரிச்சிட்டா பூச்சி நிக்காதுங்க. எல்லாம் போயிரும். இருவது பொம்பளைங்களுக்கு மேல அங்க வேல செய்றோம்."

"சொன்னா மட்டும்? அந்த அரிக்கிற செடியத்தான் கூடாரம் பூரா வைப்பாங்க. முதல்ல ஒங் கையத்தான் பார்ப்பாங்க."

அவன் சொன்னது சரிதான். எந்தப் பக்கம் யோசித்தாலும் அவளுக்கு அங்கே வேலை இருக்கப்போவதில்லை. ஆனால் ஒரு பக்கத்தில் மற்றவர்களுக்கு இருக்கும். அதைவிட, வேறொன்று அவளை உறுத்தியது. சேர் தன் கணக்கே பிழை என்று நம்பிக்கொண்டிருந்தார். அவர் பிழைவிடவில்லை. அது அவளுக்கு மட்டும் தெரியும்.

வியாழக்கிழமை காலை, ஏழாம் வகையில் ஓர் இலையையும் மூன்றாம் வகையில் ஓர் இலையையும் கிள்ளி எடுத்துக்கொண்டு யோகேஸ்வரனின் அறைக்குப் போனாள்.

"சேர், இத ஒருக்கா நுணுக்குக்காட்டில வச்சுப் பாருங்க."

அவர் ஏன் என்று கேட்காமல் ஓர் இலையை மேசையிலிருந்த நுண்ணோக்கியின் கீழே வைத்தார். குனிந்து பார்த்தவர் நிமிர நேரமெடுத்தது. இலையைத் திருப்பி வைத்துத் திரும்பவும் பார்த்தார்.

"இது எத்தினையாம் வகை?"

"ஏழு."

"இது ஐஞ்செல்லோ. நீங்கள் ரெண்டு போட்டிருக்கிறியள்."

"தெரிஞ்சுதாங்க போட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?"

ஜீவராணி இரண்டு கைகளையும் முழங்கை வரை திறந்து காட்டினாள். ராக்காயியையும் மற்ற இரண்டு பேரையும் சொன்னாள். பதினான்கு நாள் தன் கையில் செய்து பார்த்ததைச் சொன்னாள். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டு வந்ததால் வேகமாகச் சொல்லி முடித்தாள்.

"ஒரு வருசம், ஜீவராணி" என்றார் அவர். குரல் உயரவில்லை, ஆனால் முகம் இறுகியிருந்தது. "இந்தத் தாளை வைச்சுத்தான் ஒரு வருசமா ஒவ்வொண்டையும் முடிவெடுத்தனான். வந்து அரிக்குது எண்டு சொல்லியிருக்கலாம்தானே?"

"சொன்னவங்கள வீட்டுக்கு அனுப்பிட்டாங்களே சேர்."

வெளியே யாரோ தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"இன்னொன்னு சொல்லணுங்க" என்றாள் ஜீவராணி. "பூச்சி இருக்கிறது எலைக்கு அடியில. எங்க கையில படுறது எலையோட மேல்பக்கம். நாங்க மேல ஒரசிக்கிட்டுத்தான் போறோம், வாறோம். தாள்ல சுணைக்கு ஒரு கட்டந்தான் இருக்கு. மேலயும் கீழயும் சேத்து ஒரே புள்ளிதான் போடுறோம். ரெண்டும் வேற வேற மாதிரி இருக்கிற செடியும் இருக்குங்க. பன்னண்டாம் வகையில ரெண்டு செடிக்கு எலையோட மேல்பக்கம் சுணை கூட, அடியில ஒன்னுமே இல்ல. அப்ப அதுக்கு நேர் மாத்தமாவும் ஒரு செடி வரலாந்தானே?"

யோகேஸ்வரன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அப்போதும் கோபமாகத்தான் இருந்தார். "நீங்கள் இப்ப போங்கோ. நான் தயானியோட கதைக்க வேணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை அதிகாரிகள் வந்தபோது ஏழாம் வகையின் பெயர் பட்டியலில் இல்லை. அன்றே ஜீவராணியையும் வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். இங்கே எழுதும் ஒவ்வொரு தாளும் அரசாங்கத்துக்குப் போகிறது, பொய் எழுதினால் அனுமதியே போய்விடும் என்றாள் தயானி. விசாரணை இரண்டு கிழமை கழித்து நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் நான்கு பேர், இந்தப் பக்கம் அவள் மட்டும். பொய்ப் புள்ளி போட்டதை ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். ஒத்துக்கொண்டாள். வேறு ஏதும் சொல்ல இருக்கிறதா என்றார்கள்.

"மூனு பேர அனுப்புனீங்களே, எந்தச் செடி அவங்கள அரிச்சிச்சுன்னு யாராச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள். "கேட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

தயானி தலையைக் குனிந்து எதையோ எழுதினாள்.

அடுத்த ஆறு கிழமை ஜீவராணி தோட்டத்தில் அன்றன்றே கொடுக்கும் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்தாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்றபோது பழைய தோழிகள், "என்னடி, கஞ்சா கசந்திருச்சா?" என்று கேலி செய்தார்கள். அவளும் சிரித்தாள். கைகள் ஆறின. பழைய தழும்பின் மேல் புதுத் தோல் வந்தது. ஆனால் கொழுந்தைக் கிள்ளும்போதெல்லாம் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. மொட்டின் கீழே வெள்ளைப் பூனைமயிர்போல இருப்பதை இத்தனை வருடமும் கவனிக்காமல் பறித்திருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் புத்தாண்டு கழிந்ததும் தயானி தொலைபேசியில் கூப்பிட்டு விசாரணையின் முடிவைச் சொன்னாள். கடைசி எச்சரிக்கைக் கடிதம் ஒன்றில் கையெழுத்திட்டுவிட்டு வேலைக்கு வரலாம். ஆனால் அவள் போடும் புள்ளியை இன்னொருவர் திரும்பப் பார்த்துக் கையெழுத்திடுவார். கூடாரத்துக்குள் எல்லோருக்கும் முழங்கை தாண்டிய உறை கொடுக்கப்படும். ஏற்கெனவே போன மூன்று பேரும் விரும்பினால் திரும்பலாம்.

இரண்டு பேர் திரும்பினார்கள். ராக்காயி வரவில்லை. ராகலையில் தன் தம்பியின் தோட்டத்தில் கரட் போட்டிருப்பதாகச் சொல்லி அனுப்பினாள்.

ஜீவராணி உள்ளே போனபோது யோகேஸ்வரன் அவளிடம் புதுத் தாளை நீட்டினார். சுணைக்கு இரண்டு கட்டங்கள் இருந்தன. மேல், கீழ்.

"ஒரு கட்டம் போட்டது என்ர பிழை" என்றார். "நீங்கள் செய்தது உங்கட பிழை. அது ரெண்டையும் நான் கலக்கேல்லை."

"சரிங்க சேர்."

ஏழாம் வகையின் ஆண் செடியிலிருந்து மகரந்தம் எடுத்து, தப்பிப் பிழைத்த மூன்றாம் வகையின் பெண் செடிகளுக்குத் தடவியிருந்தார். அந்த விதையில் வந்த செடிகள் எல்லாம் நடுவாந்தரம். மேலேயும் கொஞ்சம் சுணை, கீழேயும் கொஞ்சம், பிசினும் பாதி. கொழும்பிலிருந்து வந்தவர்கள் இதற்குத்தானா இவ்வளவு என்று கேட்டார்கள். அடுத்த தலைமுறையில்தான் குணங்கள் பிரிந்து வரும் என்று யோகேஸ்வரன் சொன்னதை அவர்கள் அரைமனதோடு கேட்டுக்கொண்டு போனார்கள். அந்தச் செடிகளை அவற்றுக்குள்ளேயே சேர்த்து எடுத்த விதைகளை, ஆண்டுக் கடைசி மழை ஓய்வதற்குள் முளைக்கப்போட்டார்கள். இருநூற்று நாற்பது நாற்றுகள்.

ஜீவராணி ஒவ்வொன்றையும் மேலும் கீழும் பார்த்தாள். எட்டு நாள் எடுத்தது. முதல் நாள் ஒன்றும் அகப்படவில்லை. மேலே குறைந்தால் கீழேயும் குறைந்திருந்தது. அடுத்த இரண்டு நாளும் அப்படியே. இரண்டும் சேர்ந்துதான் போகும் போலிருக்கிறது என்று யோகேஸ்வரனே சொல்லிவிட்டார். நான்காம் நாள் நூற்றுப்பதினேழாம் நாற்றில், மேலே ஒன்று, கீழே ஐந்து. அவள் அதைத் தாளில் எழுதவில்லை. முதலில் மேலங்கியின் கையைச் சுருட்டி, உறையைக் கழற்றி, இலையின் மேல்பக்கத்தை முழங்கையின் உட்பக்கத்தில் நன்றாகத் தேய்த்தாள். சாயங்காலம் வரை காத்திருந்தாள். மறுநாள் காலையில் தோல் எப்போதும்போல இருந்தது. அதற்குப் பிறகுதான் எழுதினாள். எட்டாம் நாள் முடிவில் அப்படி ஒன்பது இருந்தன.

யோகேஸ்வரன் ஒன்பதையும் தனியே ஒரு வலைக்கூண்டில் வைத்து, சிலந்திப்பேன் உள்ள இலைகளைக் கொண்டுவந்து வேண்டுமென்றே அவற்றின் மேல் போட்டார். பதினெட்டு நாளில் நான்கு செடிகளில் பூச்சி பெருகியது. ஐந்தில் பெருகவில்லை. அந்த ஐந்தும் பூத்தபோது பிசினைச் சோதிக்க அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று அவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கூடாரத்துக்கே வந்தார்.

"மூண்டு பிரியோசனமில்லை. ஒண்டு பரவாயில்லை. ஒண்டு நல்லம்" என்றார். "மூண்டாம் வகை அளவுக்கு இல்லை, ஆனா நல்லம்."

"எதுங்க சேர்?"

"நூற்றி எண்பத்திரண்டு."

நூற்றுப்பதினேழாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். பிரயோசனமில்லாத மூன்றில் அதுவும் ஒன்றாகப் போயிருந்தது. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

"இனி என்னங்க செய்றது?"

"இதில கிளை வெட்டி வேர் பிடிக்க வைப்பம். இன்னும் நாலு தலைமுறை வேணும், எல்லாம் ஒரே மாதிரி வாறதுக்கு. எத்தினை கிளை தேறும் எண்டு பாருங்கோ."

ஜீவராணி செடியைச் சுற்றி வந்து எண்ணினாள். நாற்பது தேறியது. தயானி வந்து நாற்பதுக்கும் இலக்க அட்டை எழுதிக் கொடுத்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தி நறுக்க, ஒருத்தி அட்டை கட்ட, மதியச் சங்கு ஊதுவதற்குள் எல்லாவற்றையும் நட்டு முடித்தார்கள்.